பூ விழுந்த கண்ணும் முளைக்காத முத்தும்

இன்னிக்குக் கதை கிடையாதுன்னுதான் இருந்தேன். போர்வைய இழுக்காத, கால நீட்டிப் படு. ஆமா, கோவமாத்தான் இருக்கேன். அத்தைக்குக் கோவம் வரக் கூடாதா என்ன? சாயந்தரம் ரேஷன் கடை வரிசையில உன் கிளாஸ் பிள்ளையோட அம்மா வந்து ஒரு விஷயம் சொன்னா. அது என்னன்னு கடைசியில சொல்றேன், முழிக்காத. இப்ப கதை. ம் கொட்டணும். ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பொம்பள இருந்தா. பேரு இருளாயி. மழை பெஞ்சாத்தான் சோறுங்கிற மாதிரி ஒரு காஞ்ச ஊரு அது. அந்த இருளாயிக்கு இடது கண்ணுல பூ விழுந்திருந்துச்சு. பூன்னா மல்லிகைப்பூ இல்லடி பவளம். கருமணி மேல வெள்ளையா படலம் மூடிக்கும், அதத்தான் பூ விழுந்துருச்சுன்னு சொல்லுவாங்க. சின்னப் பிள்ளையா இருக்கையில களத்துல கதிரடிச்சாங்க. ஒரு தாளு தெறிச்சு வந்து சுரீர்னு கண்ணுல குத்திருச்சு. அப்போ அவளத் தோள்ல போட்டுக்கிட்டு வைத்தியர் வீட்டுக்குத் தடதடன்னு ஓடுனது யாரு? அந்த ஊர்க்காரங்கதான். அதனால அந்தக் கண்ணு எப்படி அப்படி ஆச்சுன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தெரியாதுன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. இத ஞாபகம் வச்சுக்க.

"ம்."

அப்புறம் அவ வளர்ந்தா, அதே ஊர்லயே கட்டிக் குடுத்தாங்க, செவ்வந்தின்னு ஒரு பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. புருஷன் செங்கச்சூளை வேலைக்குத் தூரமாப் போயிட்டான். இவ கைப்பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வீட்டுக்குப் பின்னாடி அவரை போட்டா, பொடலை போட்டா. அடேயப்பா, என்ன காய்ப்பு! பந்தலே தெரியாது, கொத்துக் கொத்தாத் தொங்கும். அந்த ரெண்டு கண்ணாலயும் பார்த்துப் பார்த்துத்தான் வளர்த்தா. அக்கம்பக்கத்துக்கெல்லாம் மடி மடியா அவரைக்காய் பறிச்சுக் குடுப்பா. அப்பல்லாம் எவளுக்கும் அந்தக் கண்ணு உறுத்தல. வாங்கிட்டுப் போயி பொரியல் பண்ணித் தின்னாங்க.

அப்போ அந்த ஊர்ல அம்மன் கோயிலுக்கு வருஷா வருஷம் முளைப்பாரி எடுப்பாங்க. நீ பார்த்திருக்க, போன வருஷம் உன்னத் தோள்ல தூக்கி வச்சுக் காட்டுனேனே, பொம்பளைங்க வரிசையா தலையில பச்சைப் பசேல்னு தூக்கிட்டுப் போவாங்களே.

"மஞ்சளா இருந்துச்சு அத்தே."

ஆமா, பச்சையும் மஞ்சளுமா. இருட்டு அறையில வளர்றதால அப்படி. மண் சட்டியில வைக்கோல், சாணித்தூள், மண்ணு எல்லாம் போட்டு, மேல பயறு வகைய விதைப்பாங்க. அந்த விதைக்கு முத்துன்னு பேரு. ஒரு செவ்வாய்க்கிழமை முத்துப் போட்டா அடுத்த செவ்வாய்க்குள்ள முழங்கை உசரம் வளர்ந்து நிக்கும். நல்லா வளர்ந்தா அந்த வருஷம் மழை நல்லா பெய்யும்னு ஊருக்கு நம்பிக்கை. வழக்கம் என்னன்னா, முத்து வீட்டுக்கு ஒரு கையி. எல்லா வீட்டு விதையும் ஒண்ணாக் கலந்து எல்லாச் சட்டியிலயும் போடுவாங்க. இருக்குறவங்க இல்லாதவங்கன்னு கிடையாது.

அப்போ அந்த வருஷம் நாட்டாமை பொண்டாட்டி வெள்ளத்தாயி இருக்காளே, கழுத்து நிறைய நகை, வாய் நிறைய வெத்தலை, அவ வந்து நடுவுல நின்னா. "எதுக்கு வீட்டுக்கு வீடு கை ஏந்திக்கிட்டு? இந்த வருஷம் முத்து பூராவும் எங்க வீட்டுது"ன்னா. எல்லாரும், "ஆகா, பெரிய மனசு"ன்னாங்க. ரெண்டு மரக்கா பயறு வந்துச்சு. அம்பது சட்டியிலயும் அதத்தான் போட்டாங்க. கோயில் பக்கத்து அறையில வச்சுக் கதவச் சாத்தினாங்க.

மூணாம் நாள் தண்ணி தெளிக்கப் போனாங்க. எட்டிப் பார்த்தா ஒண்ணையும் காணோம். நாலாம் நாள் போனாங்க. மண்ணு மண்ணாவே இருக்கு. அஞ்சாம் நாள் கதவத் திறந்தா குப்புன்னு ஒரு ஊசல் நாத்தம். அம்பது சட்டியில ஒரு முளை இல்ல. உள்ள போன பொம்பளைங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சாமி குத்தமோ, மழை வராதோ, பிள்ளைகுட்டிக்கு ஆகாதோன்னு பயம். அந்தப் பயத்த நான் குத்தம் சொல்ல மாட்டேன். பயப்படுறது தப்பில்ல.

அப்புறம் நடந்துச்சு பாரு, அதுதான் தப்பு. ம் கொட்டு.

"ம்ம்."

அப்போ வெள்ளத்தாயி வெத்தலையத் துப்பிட்டு, "ஏதோ ஒரு கண்ணு பட்டிருக்கு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. பேரு சொல்லல. சொல்லிட்டு நேரா இருளாயி வீட்டுப் பக்கமா ஒரு பார்வை பார்த்தா, முந்தானைய உதறிட்டுப் போயிட்டா.

அது குசுகுசுன்னு பலசரக்குக் கடைச் சீனியம்மா காதுக்குப் போச்சு. சீனியம்மா உளுந்து அளந்துக்கிட்டே என்ன சொன்னா? "முத்துப் போட்ட அன்னிக்கு இருளாயி அந்த அறை வாசல்ல நின்னாளாம். அந்த வெள்ளைக் கண்ணால உத்துப் பார்த்தாளாம்." ஒரு கண்ணுங்கிறது இப்ப இருளாயி கண்ணு ஆயிருச்சு. வாசலும் வந்துருச்சு, உத்துப் பார்க்குறதும் வந்துருச்சு. எங்கேருந்து வந்துச்சு? சீனியம்மா வாய்லேருந்து வந்துச்சு.

அப்போ அந்தக் கடைக்கு ஒரு புதுப்பொண்ணு சீரகம் வாங்க வந்திருந்தா. அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து ஆறு மாசம். குழாயடியில அவகூட யாரும் ஒழுங்காப் பேச மாட்டாங்க. வெளியூர்க்காரின்னு ஒரு ஓரமா நிப்பா, அவ குடத்த கடைசியிலதான் வைக்க விடுவாங்க. அவ இதக் கேட்டுக்கிட்டு நேரா குழாயடிக்குப் போனா. "உங்களுக்குத் தெரியுமா, இருளாயி அக்கா கண்ணு பட்டுத்தான் முளைக்கலயாம். போன மாசம் எங்க வீட்டுக்கு வந்து கோழி அடை கிடக்குறத பார்த்தாங்க, பத்து முட்டையில ஒண்ணுகூடப் பொரிக்கல"ன்னா. படபடன்னு எல்லாத் தலையும் அவ பக்கம் திரும்புச்சு. ஆறு மாசமாத் திரும்பாத தலைங்க. "அப்படியாடி? இங்க வா, முன்னாடி வந்து குடத்த வையி"ன்னாங்க.

"முட்டை நெசமாவே பொரிக்கலையா?"

பொரிக்கல. முட்டை கூமுட்டை. அந்த வீட்டுல சேவலே கிடையாது. சேவல் இல்லாம முட்டை எப்படிடி பொரிக்கும்? அந்தப் புதுப்பொண்ணுக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னா. ஒரு குடம் தண்ணிய முன்னாடி பிடிக்கிறதுக்காகச் சொன்னா.

அதோட விட்டாளா? திருவிழாவுக்கு வளையல்காரர் ஒருத்தர் சைக்கிள்ல வந்திருந்தாரு. கைய நீட்டி உக்காந்து, கலகலன்னு வளையல் ஏறுற நேரத்துல சும்மா இருக்க முடியாம அவருகிட்டயும் சொன்னா. அவரு "அட, அப்படியாம்மா"ன்னு கேட்டுக்கிட்டு, பெட்டியக் கட்டிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிட்டாரு.

அப்புறம் மூணு நாள்ல இருளாயிக்கு என்ன ஆச்சு தெரியுமா? முதல்ல, அவ தெருவுல வந்தா பொம்பளைங்க அவங்கவங்க பிள்ளை முகத்த முந்தானையால மூடுனாங்க. அடுத்து, சீனியம்மா கடையில அவளுக்கு மட்டும் எல்லாம் தீந்துபோச்சு. அரிசி கண்ணு முன்னாடி மூட்டையில இருக்கு, தீந்துபோச்சாம்! மூணாவது, பால் ஊத்துற வீட்டுல, "எங்க மாடு மடி வத்திரும், இனிமே வராத"ன்னு கதவச் சாத்திட்டாங்க. கைப்பிள்ளை செவ்வந்தி பசியில வீர் வீர்னு கத்துது. அந்தப் பிள்ளை என்னடி பண்ணுச்சு? அதுக்குப் பல்லே ரெண்டுதான் முளைச்சிருந்துச்சு. நினைச்சா இன்னிக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

"அழாத அத்தே."

அழல. இது கோவம். கேளு.

அப்போ டம் டம்னு தமுக்கு அடிச்சு ஊரக் கூட்டுனாங்க. நாட்டாமை சொன்னாரு: "முளைப்பாரிய மறுபடி போடணும். அதுக்கு முன்னாடி இருளாயி பிள்ளையோட ஊர விட்டுப் போயிரணும். நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள."  அவளத் தோள்ல தூக்கிட்டு ஓடுனவங்க அந்தக் கூட்டத்துலதான் இருந்தாங்க. ஒருத்தர் வாயத் திறக்கல.

இருளாயி அழுவாள்னு எல்லாரும் பார்த்தாங்க. அவ அழல. பிள்ளைய இடுப்புல சரியா வச்சுக்கிட்டு, "நான் போறேன். ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுட்டுத்தான் போவேன்"ன்னா. "என்ன கேள்வி?"ன்னாரு நாட்டாமை. "உங்ககிட்ட இல்ல. வாசல் வாசலாப் போயிக் கேக்கப் போறேன். நம்ம பூசாரி என்கூட வந்து காதால கேக்கணும்"ன்னா. பூசாரி வயசானவரு, பயந்தவரு, ஆனாலும் தலைய ஆட்டுனாரு.

அப்புறம் கிளம்புனா. ஊரே பின்னாடி போச்சு. முதல்ல எங்க போனா? புதுப்பொண்ணு வாசலுக்கு.

"முத்துப் போட்ட அன்னிக்கு நான் அந்த அறையப் பார்த்தத நீ பார்த்தியா?"

"இல்லக்கா... சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"சீனியம்மா."

அடுத்து சீனியம்மா வாசல். "நான் பார்த்தத நீ பார்த்தியா?"

"நான் எங்க பார்த்தேன்? கடைய விட்டு நகர நேரம் ஏது? சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

சீனியம்மா தராசு தட்டத் துடைச்சா, துடைச்சா, துடைச்சுக்கிட்டே இருந்தா. "நாட்டாமை வீட்டம்மா"ன்னா.

மூணாவது, நாட்டாமை வீட்டு வாசல். பெரிய கதவு. வெள்ளத்தாயி இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னா.

"நான் பார்த்தத நீங்க பார்த்தீங்களா?"

"எனக்கு என்ன தெரியும்? ஊரே சொல்லுது!"

"ஊருன்னா யாரு?"ன்னா இருளாயி. திரும்பி நின்னு அத்தனை பேரு முகத்தையும் பார்த்தா. "இவங்கதான ஊரு? உங்கள்ல யாரு பார்த்தது? கைய தூக்குங்க." ஒரு கை தூக்கல. நூறு பேரு நிக்கிறாங்க, ஒரு கை தூக்கல. "அப்ப ஒருத்தரும் பார்க்கல. பார்க்காதத நூறு பேரு சொல்லியிருக்கீங்க. என் பிள்ளைக்குப் பால நிறுத்தியிருக்கீங்க"ன்னா. அவ கத்தல. மெதுவாத்தான் சொன்னா. எனக்கு அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

"ம்."

அவங்களுக்கு உடனே வெக்கம் வந்துச்சுன்னு நினைக்கிறியா? போடி. கூட்டத்துல ஒருத்தன், "அதெல்லாம் சரி, அப்ப ஏன் முளைக்கல?"ன்னான். பாரு கெட்டிக்காரத்தனத்த! இவங்களுக்குக் காரணம் தெரியலேன்னா அதுக்கு இருளாயி ஊர விட்டுப் போகணுமாம்.

இருளாயி அதுக்கும் அசரல. "நல்ல கேள்வி. அதையும் பார்த்துருவோம். மூணு சட்டி குடுங்க, நாலு நாள் குடுங்க. என் கண்ணு பட்டு முளைக்கலேன்னா நானே செருப்பில்லாம நடந்து போயிருவேன்"ன்னா.

அப்புறம் அவ சொன்னபடி மூணு சட்டி வச்சாங்க. மூணுக்கும் ஒரே மண்ணு, ஒரே தண்ணி. முதல் சட்டியில வெள்ளத்தாயி வீட்டுல மீந்த அதே பயறு. அத இருளாயி கண்ணால பார்க்கவே இல்ல. பூசாரியே போட்டு, இருட்டு அறையில வச்சுப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாரு. ரெண்டாவது சட்டியில ஊர்ல மத்த வீட்டுலேருந்து ஒவ்வொரு கை வாங்கிக் கலந்த பயறு. அதையும் அவ பார்க்கல, அதே அறையில பூட்டுனாரு. மூணாவது சட்டியிலயும் அந்த மத்த வீட்டுப் பயறுதான். ஆனா அத அடுத்த அறையில வச்சு, இருளாயி அது முன்னாடியே உக்காந்துக்கிட்டா.

உக்காந்து பார்த்தா. அந்தப் பூ விழுந்த கண்ணால பார்த்தா. காலையில பார்த்தா, மத்தியானம் பார்த்தா, பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு ஆட்டிக்கிட்டே பார்த்தா. பொழுதுக்கும் ரெண்டு பேரு காவல் இருந்தாங்க, அவ கண்ண எடுக்குறாளான்னு. எடுக்கவே இல்ல. "பட்டுப்போ, பட்டுப்போ"ன்னு வாய்விட்டுச் சொல்லக்கூடச் சொன்னாங்க அந்தப் பாவிங்க. அதையும் சொன்னா.

நாலாம் நாள் காலையில ஊரு மொத்தமும் கூடிருச்சு. பூசாரி பூட்டத் திறந்தாரு. கடக்! உள்ள போயி முதல் சட்டியத் தூக்கிட்டு வந்தாரு. இருளாயி பார்க்காத சட்டி. ஒரு முளை இல்ல. குப்புன்னு அதே நாத்தம்.

ரெண்டாவது சட்டி. அதுவும் அவ பார்க்காதது. ஜம்முனு முளைச்சு நிக்குது.

மூணாவது சட்டிய இருளாயியே தூக்கிட்டு வந்தா. நாலு நாளா அவ கண்ண எடுக்காமப் பார்த்த சட்டி. மண்ணே தெரியல பவளம். கொழுகொழுன்னு முளை ஒண்ண ஒண்ணு நெட்டித் தள்ளிக்கிட்டு எட்டிப் பார்க்குது. அத நாட்டாமை காலடியில டொக்குன்னு வச்சா.

"அப்ப முதல் சட்டி ஏன் முளைக்கல?"

அதத்தான் பூசாரியும் யோசிச்சாரு. முதல் சட்டி மண்ணுக்குள்ள விரல விட்டு ஒரு பயறு எடுத்தாரு. ஊறிக் கூழாப் போயிருந்துச்சு. வெள்ளத்தாயி வீட்டுல மீந்த பயறு கொஞ்சம் பூசாரி மடியில இருந்துச்சு, அதுல ஒண்ண எடுத்துக் கடக்குன்னு கடிச்சாரு. மென்னாரு. இன்னொண்ணு வாயில போட்டாரு. "இது வறுத்த பயறும்மா!"ன்னாரு.

நம்ம வீட்டுலயும் பண்ணுவேன்ல, பாசிப்பயறுல வண்டு விழுந்துரும்னு வெறும் சட்டியில சூடு பண்ணி எடுத்து வைப்பேனே? அது சமைக்கிறதுக்கு. விதைக்கிற பயற அப்படிப் பண்ணவே மாட்டாங்க. செம்மண்ணக் கரைச்சு அதுல பிரட்டிக் காய வச்சுத் தனியா வைப்பாங்க. சூடு பட்டா உள்ள இருக்குற உசிரு போயிரும். அந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் ரெண்டு பானை இருக்கும், விதைப்பானை, சமையல் பானை. வெள்ளத்தாயி வீட்டுல அந்த வருஷம் விதைப்பானை காலி. ஊர் முன்னாடி பெருமையா, "முத்து பூராவும் எங்க வீட்டுது"ன்னு சொல்லிட்டா. அப்புறம் போயிப் பார்த்தா விதை இல்ல. வந்து, "கொஞ்சம் குறையுது, ஆளுக்கு ஒரு கை குடுங்க"ன்னு கேட்டிருந்தா யாரு வேணாம்னு சொல்லியிருப்பா? கேக்க வாய் வரல. சமையல் பானையக் கவுத்துட்டா.

இருளாயி அவ முன்னாடி போயி நின்னா. "தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"லேசாத்தான் சூடு காட்டுனேன்... முளைச்சிரும்னு நினைச்சேன்"ன்னா வெள்ளத்தாயி. குரலு கிணத்துக்குள்ளேருந்து வருது.

"சரி. முளைக்கலேன்னு தெரிஞ்சப்போ?"

 வெத்தலை மென்ன வாயி அப்படியே நின்னுபோச்சு.

"இருளாயி ஜெயிச்சுட்டா! கதை முடிஞ்சுச்சா?"

முடிஞ்சிருந்தா நான் ஏன் இவ்வளவு கோவமா இருக்கேன்? படு, எந்திரிக்காத. அப்போ ஊர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "சரி சரி, விடு. சாமி காரியம், மனசுல வச்சுக்காத. ஏதோ நடந்துபோச்சு." ஏதோ நடந்துபோச்சாம்! தானா நடந்துச்சாம், காத்தடிச்ச மாதிரி! யாரும் சொல்லலையாம், யாரும் கதவச் சாத்தலையாம். பாலக் கொண்டாந்து வாசல்ல வச்சுட்டாப் போதுமாம். மடமடன்னு புது முத்துப் போடுற வேலையப் பார்க்கப் போயிட்டாங்க.

இருளாயி விடல. வழிய மறிச்சு நின்னா. "நான் எங்கயும் போகல, இது என் ஊரு. ஆனா எத்தனை வாசல்ல என்னப் பத்திச் சொன்னீங்களோ, அத்தனை வாசலுக்கும் போயி, நான் சொன்னது பொய்யின்னு சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்"ன்னா.

எத்தனை பேரு போயிருப்பாங்க சொல்லு?

"எல்லாரும்?"

ஒரே ஒருத்தி. பொய்யச் சொல்லும்போது எல்லாருக்கும் காலு இருந்துச்சு. ஓடி ஓடிச் சொன்னாங்க. அது பொய்யின்னு சொல்லணும்னதும் ஒருத்திக்கு முட்டி வலி, ஒருத்திக்கு அடுப்புல சோறு, ஒருத்திக்கு மாமியார் விட மாட்டாங்க. போனது அந்தப் புதுப்பொண்ணு மட்டும்தான். அவ நல்லவள்னு போகல. "நீ பார்த்தியா?"ன்னு கேட்டப்போ அந்த இடுப்புப் பிள்ளை இவளப் பார்த்து ரெண்டு பல்லக் காட்டிச் சிரிச்சுச்சு, அது தாங்கல.

முதல் வாசலுக்குப் போனா. "நான் கோழி முட்டையப் பத்திச் சொன்னது பொய். எங்க வீட்டுல சேவலே இல்ல"ன்னா. அந்தம்மா முறைச்சுட்டுக் கதவச் சாத்துனா. அடுத்த வாசலுக்குப் போனா, "அப்ப அன்னிக்கு ஏண்டி சொன்ன?"ன்னு வண்டி வண்டியா ஏச்சு. அதுக்கடுத்த வாசல்ல ஒருத்தி சிரிச்சுக்கிட்டே, "அதான் தெரியுமே, பயறு வறுத்தது. இருந்தாலும்..."ன்னா. அந்த 'இருந்தாலும்' இருக்கே, அதக் கேட்டா எனக்கு இப்பவும் அறையணும் போல வருது. மூணு சட்டிய கண்ணால பார்த்தவ அவ! பார்த்துட்டும் 'இருந்தாலும்'!

ஆனாலும் அவ நிக்கல. இருபத்தேழு வாசல். எல்லாம் முடிச்சுட்டு வந்து இருளாயி முன்னாடி நின்னா. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்க்கா. ஒரு ஆளு மட்டும் பாக்கி. வளையல்காரரு. அவரு எந்த ஊருன்னு தெரியல"ன்னா.

இருளாயி அவள நிமிந்து பார்த்தா. "நீ ஒருத்தி வந்து சொன்ன. அது சரி. ஆனா என் பிள்ளை பட்டினி கிடந்தத நான் மறக்க மாட்டேன்"ன்னா. அப்புறம், "அவரைக்காய் முத்திக்கிட்டு இருக்கு, வேணும்னா பறிச்சுக்க"ன்னுட்டு உள்ள போயிட்டா.

"அந்த வளையல்காரர் வந்தாரா?"

வரல. வேற ஊர்ப் பக்கம் போயிட்டாரு போல. புதுப்பொண்ணு ஒவ்வொரு திருவிழாவுக்கும் போயித் தேடுவா. வளையல் சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடுவா. வேற யாராவது இருப்பாங்க.

அப்புறம் வருஷம் ஓடிப்போச்சு. செவ்வந்தி வளர்ந்து பெரியவளாயிட்டா. கிழக்க ஒரு ஊர்லேருந்து அவளப் பொண்ணு கேட்டு வந்தாங்க. நல்ல பையன், அவளுக்கும் பிடிச்சிருந்துச்சு. பூ வைக்க நாள் குறிச்சாங்க. செவ்வந்தி பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, தலை நிறைய பூ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பத்து மணி ஆச்சு, பன்னெண்டு ஆச்சு. அவங்க வரல. ஒரு ஆளு மட்டும் வந்தான். "பொண்ணோட ஆத்தாவுக்குக் கண்ணு சரியில்லையாமே. பார்த்தா பட்டுப்போகுமாமே. எங்க ஊருக்கு ரொம்ப வருஷம் முன்னாடி வந்த ஒரு வளையல்காரரு சொல்லியிருக்காரு"ன்னான்.

"..."

ம் கொட்டலையே? தூங்கிட்டியா?

"இல்ல. அந்தப் புதுப்பொண்ணு என்ன பண்ணுனா?"

அன்னிக்கே பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனா. அந்த வீட்டு வாசல்ல உக்காந்தா. "வளையல்காரருகிட்டச் சொன்னது நான்தான். அது பொய். நான் கண்ணால பார்க்கல"ன்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னா. அந்த வீட்டம்மா தண்ணி குடுத்தா, பொறுமையா எல்லாத்தையும் கேட்டா. கேட்டுட்டு, "இருந்தாலும்..."ன்னா.

அவ்வளவுதான். அந்தச் சம்பந்தம் போச்சு. செவ்வந்தி இப்ப நல்லா இருக்கா, படிச்சு வேலைக்குப் போயி, பிடிச்சவனா ஒருத்தனக் கட்டிக்கிட்டா. அது வேற விஷயம். அன்னிக்கு அந்தப் பச்சைச் சேலையோட வாசலப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாளே, அத யாரு மாத்த முடியும்?

"அத்தே... அந்தப் புதுப்பொண்ணு பேரு நீ சொல்லவே இல்லையே."

சொல்லல. இப்பச் சொல்றேன். நான்தான்டி அது. உன் அத்தைதான். அந்தக் கோழி என் கோழி, அந்தக் குடம் என் குடம். கல்யாணமாகிப் போன புதுசுல என்னச் சேத்துக்கணும்னு நான் சொன்ன பொய். எனக்கு வெள்ளத்தாயி மேல இருக்குற கோவத்த விட என் மேல இருக்குற கோவம் பெருசு. அவளாவது தன் மானத்தக் காப்பாத்திக்கச் சொன்னா. நான் குடத்துக்காகச் சொன்னேன்.

இப்பச் சொல்லு. உன் கிளாஸ்ல நிறைமதின்னு ஒரு பிள்ளை இருக்கா. அவ கையில வெள்ளை வெள்ளையாத் திட்டு இருக்கு. அவளத் தொட்டா ஒட்டிக்கும்னு நீ சொன்னியா? திரும்பாத. என்னப் பாரு.

"...ம்."

யாருக்காவது ஒட்டி நீ பார்த்தியா?

"இல்ல... சொன்னாங்க."

சொன்னாங்க! அது ஒட்டவே ஒட்டாது. தோல்ல நிறம் போயிருது, அவ்வளவுதான். தொட்டா வராது, கூட உக்காந்து சாப்பிட்டா வராது. டாக்டர்கிட்டக் கேட்டுட்டு அவங்க அம்மா சொன்னாங்க. நானும் வரிசையில, அம்மாகூட வந்திருந்த அந்தப் பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். இந்தா, இந்தக் கைதான். நல்லாப் பாரு. நாலு நாளா அந்தப் பிள்ளை டிபன் பாக்ஸ் திறக்காம வீட்டுக்குக் கொண்டுட்டு வருதாம்டி. பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குறாங்களாம்.

அழுதா போதாது. எத்தனை பேருகிட்டச் சொன்ன?

"அஞ்சு பேருகிட்ட. அப்புறம்... வேன்ல ஒரு அக்காகிட்ட."

அந்த அக்கா பேரு என்ன?

"தெரியாது. அவங்க நம்ம ஸ்கூல் இல்ல. ஒரு நாள்தான் வந்தாங்க. எங்க இறங்குனாங்கன்னு நான் பார்க்கல."

ம்.

சரி, மூக்கச் சிந்து. இங்க வா, என் பக்கமா வா. அஞ்சு பேரு வீடும் எனக்குத் தெரியும். காலையில நான் கூட வரேன். ஆனா நீதான் பேசணும், நான் பேச மாட்டேன். மத்தியானம் நிறைமதி பக்கத்துல உக்காந்து அவ டிபன் பாக்ஸ்லேருந்து எடுத்துச் சாப்பிடணும். அப்புறம் வேன் டிரைவர் அண்ணன்கிட்டக் கேட்டு அந்த அக்காவயும் தேடணும். கிடைக்கிற வரைக்கும் தேடணும்.

என் கதை இவ்வளவுதான், மிச்சத்துக்கு நீ காலையில வெள்ளனா எந்திரிக்கணும். கண்ண மூடு, தூங்கு.